கடன், கணக்கு, கதையாடல்: முதல் சம்பளத்தை வாசித்தல்

1

தமிழில் வேலை கிடைக்காதவனுக்குக் கதை இருக்கிறது. வேலை கிடைத்தவனுக்கு இல்லை. இப்படி மொட்டையாகச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். ஆனாலும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

1980ஆம் வருஷம் மட்டும் இரண்டு படங்கள். பாலச்சந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' டெல்லியில் நடக்கிறது, பாரதிராஜாவின் 'நிழல்கள்' சென்னையில். இரண்டிலும் படித்த இளைஞர்கள். கையில் சான்றிதழ் உண்டு, வேலை இல்லை. 34 வருஷம் கழித்து, 2014இல், அந்த உருவத்தின் பெயரே ஒரு படத்தின் பெயராகிவிட்டது: 'வேலையில்லா பட்டதாரி'. இடைப்பட்ட காலத்தில் சிறுகதை, கவிதை, மேடை நாடகம், வாரப்பத்திரிகைத் துணுக்கு என்று எல்லாவற்றிலும் இவன் வந்துகொண்டே இருந்தான். தாடி, டீக்கடைப் பாக்கி, தெருமுனை நண்பர்கள், அப்பாவின் வசவு, அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா கொடுக்கும் பணம். இவ்வளவு சொன்னால் போதும், மிச்சத்தை வாசகனே நிரப்பிக்கொள்வான். ஒரு குறி நிலைபெற்றுவிட்டது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

இந்தக் கதையாடலின் இலக்கணம் எளிமையானது. காத்திருத்தல்தான் அதன் காலம். ஆர்டர் கைக்கு வருகிற கணத்தில் கதை முடிந்துவிடுகிறது. அரசும் இதே இலக்கணத்தில்தான் எழுதுகிறது. 2006இல் தமிழக அரசு கொண்டுவந்த வேலையற்ற இளைஞர் உதவித்தொகையைப் பெற வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு காத்திருந்திருக்க வேண்டும். பட்டதாரிக்கான தொகை பின்னால் மாதம் 600 ரூபாய் என்று ஆனது. அதுவும் 3 ஆண்டுக்கு மட்டும். இங்கே விலை வைக்கப்படுவது காத்திருப்புக்கு.

சரி, ஆர்டர் வந்தபின்? முதல் சம்பளத்துக்குச் சடங்கு இருக்கிறது. அம்மாவுக்குச் சேலை, சாமிக்கு அர்ச்சனை, நண்பர்களுக்கு ட்ரீட். இரண்டாம் மாதச் சம்பளத்துக்கு எதுவும் இல்லை. ஏழாம் மாதம், பத்தொன்பதாம் தேதி, கையில் நானூறு ரூபாய் இருக்கும்போது தங்கச்சியின் காலேஜ் பீஸுக்குப் போன் வருகிறதே, அந்த இடத்துக்குத் தமிழ்ப் பிரதிகளில் இடமே இல்லை.

அசோகமித்திரன் எழுதவில்லையா, ஆதவன் எழுதவில்லையா என்று கேட்கலாம். எழுதினார்கள். ஆனால் 'காகித மலர்கள்' (1977) போன்ற நாவலில் மனிதர்களின் சங்கடம் பணக்கவலை முடிகிற இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. முகமூடி, பாவனை, தன்னிலை பற்றிய கேள்விகளெல்லாம் மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும் என்ற உறுதியின்மேல் நிற்பவை. அதன்பின் வந்த மென்பொருள் துறை நாவல்களில் (இரா. முருகனின் 'மூன்று விரல்', விநாயக முருகனின் 'ராஜீவ்காந்தி சாலை') சம்பளம் பெரியதாக இருப்பதுதான் பிரச்சினைகளின் ஊற்று. இல்லாத சம்பளத்துக்கும் பெரிய சம்பளத்துக்கும் நடுவே ஒன்று இருக்கிறது: போதாத சம்பளம். இன்றைக்குக் கல்லூரியை விட்டு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் நிற்கிற இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். 2022 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. அதை எழுதிய எனக்குத் தெரிந்த பட்டதாரிகளில் பாதிப்பேர் வேலையில்லாதவர்கள் அல்ல. வேலையில் இருந்துகொண்டே வேலை தேடுகிறவர்கள். 'வேலையில்லாப் பட்டதாரி' என்ற குறிக்குள் இவர்கள் அடங்கமாட்டார்கள். இவர்களுக்குப் பெயரே இல்லை.

இந்த மௌனம் தற்செயலானதா? இல்லை என்பதுதான் என் வாதம்.

2

இளைஞன் ஒருவன் உலகத்துக்குள் நுழைந்து தன்னை உருவாக்கிக்கொள்ளும் கதையை ஐரோப்பிய நாவல் ஒரு தனி வகைமையாகவே வளர்த்தெடுத்தது. இளமை என்பது நவீனத்துவத்தின் குறியீட்டு வடிவம் என்று பிராங்கோ மொரெட்டி 1987இல் வந்த தன் நூலில் வாதிட்டார். அவருக்கு ஆதாரப் பிரதி கதேயின் 'வில்ஹெல்ம் மைஸ்டர்' (1795-96). வணிகர் வீட்டுப் பையன் வில்ஹெல்ம் நாடகத்தைத் தேடி ஓடுகிறான். அதே நாவலின் தொடக்கத்தில் அவனுடைய நண்பன் வெர்னர், இரட்டைப் பதிவுக் கணக்கு முறையைப் பற்றி, ஏறக்குறைய ஒரு கவிதையைப் பற்றிப் பேசுவதுபோல, பரவசமாகப் பேசுகிறான். இது முக்கியம். அந்த வகைமை பிறக்கும்போதே அதற்குள் ஒரு பேரேடு திறந்து கிடக்கிறது. நாயகன் அதிலிருந்து தப்பித்து ஓடினாலும் வாசகன் அதைப் பார்த்துவிடுகிறான்.

நம்மிடம் அந்த வகைமை வேரூன்றவில்லை. 'தனிமனிதன் இங்கே உருவாகவில்லை' என்ற பழைய விளக்கத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இங்கே இளைஞன் வீட்டைவிட்டுப் போவது தன்னை உருவாக்கிக்கொள்வதற்காக என்று சொல்லப்படுவதில்லை. திருப்பி அனுப்புவதற்காக என்று சொல்லப்படுகிறது. அவன் எங்கே போனாலும் அவனுக்கு முன்னால் ஒரு சொல் போய் உட்கார்ந்திருக்கிறது. கடன்.

ஜெர்மன் மொழியில் குற்றம் என்பதற்கும் கடன் என்பதற்கும் ஒரே வேர்ச்சொல் இருப்பதை வைத்து 1887இல் நீட்ஷே ஒழுக்கத்தின் வம்சாவளியையே எழுதினார். தமிழ் இன்னும் நேரடியானது. நமக்குக் கடமையும் கடன், வாங்கிய பணமும் கடன். புறநானூற்றின் 312ஆம் பாட்டு, பொன்முடியார் பாடியது, தமிழ் படித்தவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கடனைச் சொல்லி, கடைசியில் இளைஞனின் கடனில் முடிகிறது. மேடைகளில் இதைப் பொறுப்புணர்வின் பாட்டாக முழங்குவார்கள். நான் அதைப் பேரேட்டின் ஒரு பக்கமாகப் படிக்கிறேன். நான்கு பேர் ஒரு பையனின் பெயரில் வரவு வைக்கிறார்கள். ஐந்தாவதாக அவன் போர்க்களத்தில், தன் உடம்பைக் கொண்டு, அடைக்கிறான். அந்த நான்கு பேரிடமும் தனக்குக் கடன் உண்டா என்று அவன் கேட்டது கிடையாது. பாட்டில் அவனுக்குக் குரலே இல்லை.

'கடமை' என்ற சொல்லும் ஒன்றும் பரிசுத்தமானதல்ல. சோழர் கல்வெட்டுகளில் கடமை என்பது நிலவரி. அரசனுக்குக் கட்ட வேண்டிய வரியின் பெயர்தான் பிற்பாடு மனசாட்சிக்குக் கட்ட வேண்டியதன் பெயராக நமக்குப் புழங்குகிறது. சொல்லாராய்ச்சியோடு நின்றுவிட நான் விரும்பவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு. இன்றைய ஆவணங்களுக்கு வருவோம்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ். குடும்பத்தில் இதற்குமுன் யாரும் பட்டம் பெற்றதில்லை என்று வருவாய்த்துறை கொடுக்கும் தாள். 2010-11இலிருந்து தொழிற்கல்வியில் சேரும் முதல் பட்டதாரிகளின் கல்விக்கட்டணத்தைத் தமிழக அரசு ஏற்றது. நல்ல திட்டம். அதனால் மட்டுமே படித்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பிரதியாக அதைப் பாருங்கள். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் சலுகை. அண்ணன் வாங்கிவிட்டால் தங்கைக்குக் கிடையாது. அந்தத் தாளில் எழுதப்படாத ஒரு வரி, 'உன் தங்கையின் பங்கும் உன்னிடம் இருக்கிறது' என்பது. இருபத்தோரு வயதில் அவன் வேலைக்குப் போகும்போது அந்த வரியைத்தான் முதலில் படிக்க வேண்டியிருக்கிறது.

கல்விக்கடன் பத்திரம் இன்னும் சுவாரஸ்யமானது. 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்தின்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் வேண்டாம். பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். தவணை உடனே ஆரம்பிக்காது. படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும், அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், எது முந்தியோ அதுவரைக்கும் அவகாசம் என்று முதலில் இருந்தது; பின்னால் படிப்பு முடிந்து ஓராண்டு என்று ஆனது. இந்த அவகாசத்துக்கு வங்கிமொழியில் என்ன பெயர் தெரியுமா? 'ரீபேமெண்ட் ஹாலிடே'. விடுமுறை! விடுமுறையிலும் வட்டி ஓடும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அந்த வட்டியை மத்திய அரசு ஏற்கும் ஏற்பாடு 2009இல்தான் வந்தது. வாக்குரிமை 18 வயதில் வருகிறது, பட்டம் 21இல் வருகிறது. ஆனால் ஒருவன் 'பெரியவன்' ஆகிற தேதி இந்த விடுமுறை முடிகிற தேதிதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பாவும் பிள்ளையும் சமமாக நிற்கிற ஒரே தமிழ்ப் பிரதி அநேகமாக இந்தப் பத்திரம்தான். அடுத்தடுத்த வரியில் இரண்டு கையெழுத்து, ஒரே பொறுப்பு. வங்கி அவர்களைச் சமமாக்குகிறது. வீட்டுக்கு வந்ததும் அப்பா பழையபடி கடன் கொடுத்தவராகவும் பிள்ளை கடன்காரனாகவும் ஆகிவிடுகிறார்கள்.

3

இனி சில கதைகளை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம்.

'வேலையில்லா பட்டதாரி'யில் ரகுவரனுக்கு வேலை எப்படிக் கிடைக்கிறது? தாய் இறந்துபோகிறாள். அவளுடைய உடலுறுப்பு ஒரு பெண்ணுக்குத் தானமாகப் போகிறது. அந்தப் பெண்ணின் தந்தை கட்டுமான நிறுவனம் நடத்துகிறவர். அவர் வேலை கொடுக்கிறார். தாயின் உடம்பைப் பண்டமாற்றாகக் கொடுத்து வாங்கிய வேலை இது. படம் இதைப் பாசமாகச் சொல்கிறது, தியேட்டரும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டது. ஆனால் கதையின் அடியில் ஓடுகிற பொருளாதாரம் வேறு. தாயின் கடன் தன்னை அழித்துக்கொண்டு பிள்ளையை வேலையில் உட்காரவைத்துவிட்டது. இனி அதை அவன் யாருக்குத் திருப்பித் தருவான்? திருப்ப ஆளில்லாத கடன் முடிவேயில்லாத கடன். மிச்சப் படம் முழுக்க அவன் வில்லனை அடித்துக்கொண்டிருப்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒரு காட்சியிலாவது அவன் கையில் சம்பளச் சீட்டைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ராமின் 'கற்றது தமிழ்' (2007) இதற்கு நேர் எதிரான பிரதி. முதலில் 'தமிழ் எம்.ஏ.' என்று பெயர் வைக்கப்பட்ட படம். நானும் தமிழ் எம்.ஏ. என்பதால் இதை விலகி நின்று பார்க்க முடியாது. பிரபாகர் தாயைச் சிறுவயதில் இழந்தவன். தமிழை ஊட்டிய ஆசிரியரையும் இழந்தவன். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து 2,000 ரூபாய் வாங்குகிறான். அவனிடம் சம்பளத்தை எதிர்பார்க்கிற வீடு இல்லை. அதனால்தான், தமிழ்ப் படங்களில் அபூர்வமாக, இவன் தன் சம்பளத்தை இன்னொருவன் சம்பளத்தோடு ஒப்பிட முடிகிறது. கடன் சொல்லாடலுக்கு வெளியே நிற்பதால் அவனுக்குக் கூலி என்ற சொல் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அந்தப் பார்வையைப் படம் கொலையாகவும் பிதற்றலாகவும் மாற்றிவிடுகிறது. கூலியைப் பற்றிப் பேசுகிறவனைப் பைத்தியமாக ஆக்கினால்தான் நம்மால் அவனைக் கேட்க முடிகிறதா?

பிரபாகரின் நிலைமை படத்தோடு முடிந்துவிடவில்லை. கல்லூரிகளில் 'கௌரவ விரிவுரையாளர்' என்று ஒரு பதவி இருக்கிறது. வாங்குவது சம்பளம் இல்லை, தொகுப்பூதியம் அல்லது மதிப்பூதியம். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வழிகாட்டியது. என்னோடு படித்தவர்களில் அந்த வேலையில் இருப்பவர்கள் வருஷக்கணக்காக அதில் பாதியைக்கூடப் பார்த்ததில்லை. மே மாதம் அதுவும் கிடையாது. கூலி குறைகிற இடத்தில் கௌரவம், மதிப்பு என்ற சொற்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மொழியே இங்கே பற்றுவரவில் கைவைக்கிறது.

பெண்ணின் கதை வேறு. பாலச்சந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) வேலையில் இருக்கிற ஒருத்தியைப் பற்றியது. கவிதாவின் சம்பளத்தில் ஒரு வீடே சாப்பிடுகிறது: ஓடிப்போன அப்பாவின் குடும்பம், பொறுப்பில்லாத அண்ணன், அவன் பெண்டாட்டி பிள்ளைகள், விதவைத் தங்கை, பார்வையில்லாத தம்பி. தமிழ் சினிமாவில் சம்பளம் எங்கே போகிறது என்று கறாராகக் காட்டிய படம் இதுதான். இது தற்செயலல்ல. ஆணின் சம்பளம் அவனை மனிதனாக்குகிறது. அதனால் அது எங்கே போனாலும் அவன் பெருமை. பெண்ணின் சம்பளம் அவளுடையதாக ஒருபோதும் கருதப்படாததால்தான் அதற்குக் கணக்குச் சொல்ல முடிகிறது. கவிதா கோபக்காரி, சிடுமூஞ்சி என்று வீட்டில் பெயர் வாங்குகிறாள். ஏன்? அவள் கணக்குக் கேட்கிறாள். இன்றைக்கும் வேலைக்குப் போகிற பெண் 'என் சம்பளத்தில் இவ்வளவு எனக்கு' என்றால், அதே பெயர்தான் கிடைக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் நகைக்கு, பின்னால் வீட்டுக் கடனுக்கு.

4

'பெத்தவங்ககிட்டப் போய் கணக்குப் பாக்கலாமா?' இந்த வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தமிழில் கணக்குப் பார்க்கிறவன் கஞ்சன், அற்பன், பாசமில்லாதவன். பாசம் என்றால் கணக்கில்லாதது.

ஆனால் இது உண்மையா? நம்மைப்போலக் கணக்கு எழுதுகிற சமூகம் குறைவு. கல்யாண வீட்டு வாசலில் மொய் நோட்டு இருக்கிறது. யார், எந்த ஊர், எவ்வளவு. சில இடங்களில் மைக் வைத்தே வாசிக்கிறார்கள். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் மொய் விருந்து என்று தனியாகவே நடக்கிறது. அப்பா வாங்கிய மொய்யை மகன் திருப்பிச் செய்ய வேண்டும். கொடை என்பதே திருப்பிக் கொடுக்கிற கட்டாயத்தோடு வருவது என்று மார்சல் மாஸ் 1925இல் எழுதியதை நம் ஊர்ப் பெரியவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இதில் யாருக்கும் கூச்சம் கிடையாது.

ஆக, நாம் கணக்குப் பார்க்காதவர்கள் அல்ல. சமமானவர்களுக்கு இடையில் கணக்கு எழுதுகிறோம். மேலும் கீழுமாக இருக்கிற உறவில் கணக்கைத் தடைசெய்து அங்கே கடன் என்ற சொல்லை வைக்கிறோம். பெற்றோர்-பிள்ளை, கணவன்-மனைவி, முதலாளி-வேலையாள், குரு-சீடன் உறவுகள் எல்லாம் இப்படித்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான்: கணக்கை முடிக்கலாம், கடனை முடிக்க முடியாது. வங்கிகூடக் கடைசித் தவணைக்குப் பின் பாக்கி இல்லை என்று ஒரு தாள் தருகிறது. வீடு தராது.

என்னிடம் முன்பு படித்த ஒருவனிடம் ஒரு மாதக் கணக்கை எழுதித் தரச் சொன்னேன். சென்னையில் வேலை, கைக்கு வருவது 18,500. கல்விக்கடன் தவணை 5,600. வீட்டுக்கு 5,000. தங்கும் விடுதிக்குச் சாப்பாட்டோடு 6,000. மிச்சம் 1,900. அதில் பஸ், போன் ரீசார்ஜ், ஆபீஸுக்கு ஒரு சட்டை, நண்பன் கல்யாணத்துக்கு மொய் 500. அடியில் 'கைமாத்து 1,000' என்று எழுதி, யாரிடம் என்று எழுதாமல் விட்டிருந்தான். எனக்கு அந்தத் தாளில் ஒரு நாவல் தெரிந்தது. குறிப்பாக அந்த 5,000. அதை அவன் முதல் வரியில் எழுதவில்லை. தவணைக்கு அடுத்ததாக, அதே கையெழுத்தில், இன்னொரு தவணையைப்போல எழுதியிருந்தான். இதை ஊரில் காட்டியிருக்கிறாயா என்று கேட்டேன். 'எப்படி சார் காட்றது, தப்பா நெனச்சுக்குவாங்க' என்றான். மாதாமாதம் கைமாற்று வாங்கி வீட்டுக்கு அனுப்புகிறான். வீட்டில் அவன் சென்னையில் சேமிக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தாளைக் காட்ட முடியாததால் ஒரு குடும்பமே தப்பான கதைக்குள் வாழ்கிறது.

இது வெறும் இலக்கியப் பிரச்சினை இல்லை. 2016இல் மதுரையில் ஓர் எஞ்சினியரிங் பட்டதாரி கல்விக்கடன் வசூல் நெருக்கடிக்குப் பின் தற்கொலை செய்துகொண்டது செய்தியானது. வசூலுக்கு வருகிறவனுக்கு ஒரு மொழி இருக்கிறது: தொகை, தேதி, சட்டம். எதிரே நிற்கிற பட்டதாரியிடம் இருப்பது மானம் என்ற மொழி மட்டும். இரண்டு மொழிகளும் சந்திக்கிற இடத்தில் யார் தோற்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு முதலாளித்துவத்தின் மொழி, குடும்ப உறவைப் பண உறவாக்குவதற்கு நீ வக்காலத்து வாங்குகிறாயா என்று என் மார்க்சிய நண்பர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1848 அறிக்கையே அந்தக் குற்றச்சாட்டை முதலாளி வர்க்கத்தின்மேல் வைத்தது. என் பதில் இது: இங்கே பண உறவு பாசத்தின் பெயரில் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கணக்கு அதைப் புதிதாகக் கொண்டுவரவில்லை, கண்ணுக்குத் தெரியவைக்கிறது. கவிதாவிடம் கணக்கு இல்லாமல் போயிருந்தால் அவள் தியாகத்தின் சிலையாகியிருப்பாள். அப்பாவும் கணக்கைக் காட்ட வேண்டும் என்பதும் இதில் அடக்கம். அவர் வாங்கிய வட்டிக்கடன், விற்ற ஆடு, அடகில் இருக்கிற தோடு, இவையும் பிள்ளைக்குத் தெரியாமல்தான் இருக்கின்றன. இரண்டு பக்கமும் தாளை விரித்தால் இரண்டு பேரும் ஏமாற்றப்பட்டவர்கள் என்பது தெரியும். கல்வி இவ்வளவு விலைக்கு விற்கப்பட்டது ஏன், அந்த விலைக்குப் படித்தவனுக்கு இவ்வளவுதான் கூலி ஏன் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழ முடியும். கடன் அந்தக் கேள்வியை வீட்டுக்குள்ளேயே அமுக்கிவிடுகிறது.

5

இதற்கு நம் மரபில் முன்னோடி இல்லாமல் இல்லை. 1931இல் பி.ஏ. முடித்த புதுமைப்பித்தன் எழுதிய 'ஒரு நாள் கழிந்தது' கதையில் முருகதாசர் ஓர் எழுத்தாளர். அவருடைய ஒரு நாள் கடைப் பாக்கியாலும் கைமாற்றாலும் ஆனது. கதையின் ஓட்டத்தையே பணம் தீர்மானிக்கிறது. வறுமையைப் பற்றிய புலம்பல் அதில் இல்லை, சில்லறையின் எண்ணிக்கை இருக்கிறது. அதனாலேயே சிரிப்பும் வருகிறது. 'கண்மணி கமலாவுக்கு' என்று நூலாக வந்த அவர் கடிதங்களிலும் பணம் அனுப்புவது, அனுப்ப முடியாமல்போவது பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. நாம் என்ன செய்தோம்? கதையின் கணக்கை விட்டுவிட்டுக் கலைஞனின் வறுமை என்ற புராணத்தை எடுத்துக்கொண்டோம்.

சிறுபத்திரிகைகளான நாமும் இந்தப் புராணத்தில் பங்குதாரர்கள். 1959 ஜனவரியில் தொடங்கிய 'எழுத்து' 119 இதழ்கள் வந்தது. சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றதைச் சொல்லிச் சொல்லி மெய்சிலிர்க்கிறோம். அந்த மூட்டையில் எத்தனை பிரதி விற்றது, அச்சகத்துக்கு எவ்வளவு பாக்கி, வீட்டில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று கேட்டால் சன்னதியில் செருப்போடு நுழைந்த மாதிரிப் பார்ப்பார்கள். அதற்குப் பின்வந்த இதழ்கள் பலவும் ஏதோ ஓர் ஆசிரியரின், வங்கி ஊழியரின், அரசு ஊழியரின் மாதச் சம்பளத்தில் நடந்தவை. கட்டுரைக்குச் சன்மானம் இல்லை என்பதை நாம் பெருமையாகவே சொல்லிவந்திருக்கிறோம். பாதுகாப்பான வேலையில் இருந்தவர்களுக்கு அந்தப் பெருமை கட்டுப்படியானது. தொகுப்பூதியத்தில் இருக்கிறவன் அதே பெருமையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் எந்தச் செலவை வெட்டுவது?

ஆகவே நான் கேட்பது சோகக் கதைகளை அல்ல. அவை நிறையவே இருக்கின்றன. தொகை எழுதப்பட்ட கதைகளைக் கேட்கிறேன். சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, யாரிடம் கைமாற்று, எப்போது திருப்பினான், திருப்பும்போது என்ன பேசிக்கொண்டார்கள். அந்த மாணவன் தாளில் யாரிடம் என்று எழுதாமல் விட்ட ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பெயர் கிடைக்கிற இடத்தில் தமிழ் உரைநடை இன்னொரு தடவை ஆரம்பிக்கலாம்.